காட்டோரக் காணியில் கமரா கட்டி மான் பார்க்க நினைப்பவருக்கு

நீங்கள் கேட்டது இது: திருகோணமலையில் கன்னியாவுக்கு அப்பால் காட்டை ஒட்டி ஒரு காணி இருக்கிறது. விடிந்து போய்ப் பார்த்தால் மண்ணில் குளம்புத் தடங்கள். இரவில் வருவது மானா, பன்றியா, வேறு ஏதுமா என்று அறிய மரத்தில் கட்டுகிற தானியங்கிக் கமரா ஒன்று வாங்கலாமா? வாங்கினால் எங்கே, எப்படிக் கட்டுவது?

தாராளமாக வாங்கலாம். நடுத்தர விலையில் ஒன்று போதும். கமராவுக்குச் செலவழிக்கும் காசைவிட, அதைக் கட்டும் இடத்தைத் தேர்வதற்குச் செலவழிக்கும் பொழுதுதான் பலன் தரும். தவறான மரத்தில் கட்டிய விலையுயர்ந்த கமரா மாதக்கணக்கில் புல் அசைவதைப் படம் பிடிக்கும். சரியான மரத்தில் கட்டிய சாதாரணக் கமரா ஒரே கிழமையில் உங்கள் காணிக்கு வந்துபோகும் பாதி விலங்குகளைக் காட்டிவிடும்.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. கமராவின் முன்பக்கத்தில் லென்ஸுக்குக் கீழே சிறிய வெள்ளைக் குமிழ் ஒன்று இருக்கும். அதற்குள் உள்ள உணரி வெப்பத்தில் ஏற்படும் மாற்றத்தைக் கவனிக்கிறது. சுற்றுப்புறத்தைவிடச் சூடான ஓர் உடல் குறுக்கே நகர்ந்தால் உடனே கமரா விழித்துப் படம் எடுக்கும். குளிர்நாடுகளுக்கென்று எழுதிய கையேடுகள் இந்த உணரியின் எல்லையை 20, 25 மீற்றர் என்று சொல்லும். நம் ஊரில் அதை அப்படியே நம்ப முடியாது. வைகாசி முதல் ஆவணி வரை திருகோணமலையில் பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டுவது சாதாரணம். அந்த வெயிலில் மானின் மேல்தோலுக்கும் சுற்றியுள்ள மண்ணுக்கும் இடையே வெப்ப வேறுபாடு மிகக் குறைந்துவிடும், உணரி தடுமாறும். நண்பகல் படங்கள் இல்லை என்பதற்காக நண்பகலில் விலங்கே வரவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். விலங்கு நடக்கும் தடத்தில் இருந்து மூன்று முதல் ஐந்து மீற்றருக்குள் கமரா இருக்கட்டும். இங்கே அதுதான் நம்பக்கூடிய தூரம்.

வாங்கும்போது மெகாபிக்சல் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய எண் பெரும்பாலும் மென்பொருள் ஊதிப் பெருக்கியது. உள்ளே இருக்கும் உண்மையான உணர்தகடு அதைவிட மிகச் சிறியதாக இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது மூன்று விடயங்கள். விலங்கை உணர்ந்து எத்தனை விநாடியில் படம் எடுக்கிறது? அரை விநாடிக்குள் எடுத்தால் நல்லது. ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் எவ்வளவு நேரம் தேவைப்படுகிறது? மான் கூட்டமாக வரும். முதல் பெண் மானை எடுத்துவிட்டுக் கமரா தூங்கினால் பின்னால் வரும் கொம்பன் தப்பிவிடும். மூன்றாவது, இரவு வெளிச்சம். 850 நனோமீற்றர் அகச்சிவப்பு விளக்கு தூரம் போகும், ஆனால் எரியும்போது மங்கலான சிவப்புப் பொட்டாகத் தெரியும். 940 நனோமீற்றர் விளக்கு கண்ணுக்குத் தெரியாது, தூரம் குறைவு. மான்களின் கண்ணுக்குச் சிவப்பு நிறம் சரியாகப் படாது என்பதால் மானைப் பொறுத்தவரை இரண்டும் சரிதான். ஆனால் அந்தச் சிவப்புப் பொட்டை மனிதர் கண்டுபிடித்துவிடுவார்கள். கமரா களவு போவது பெரும்பாலும் அப்படித்தான். ஆகவே ஆள் நடமாட்டம் உள்ள காட்டோரத்துக்கு 940 தான் என் தெரிவு. வெள்ளை பிளாஷ் வேண்டவே வேண்டாம். ஒருமுறை கண் கூசிய விலங்கு அந்தப் பாதையையே விட்டு விலகக்கூடும்.

இனி இடம். இதில் அவசரப்படாதீர்கள். கமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு, வெறுங்கையோடு காணியின் எல்லை முழுக்க ஒரு சுற்று நடந்து வாருங்கள். காலை வெயில் சரிவாக விழும்போது தடங்கள் நன்றாகத் தெரியும். புள்ளிமானின் குளம்பு இரண்டு பிளவாகக் கூர்மையாகப் பதியும். மரை என்கிற பெரிய மானின் தடமும் அதே வடிவம்தான், ஆனால் மிகப் பெரியது. பன்றியின் தடத்தில் குளம்புக்குப் பின்னால் பக்கவாட்டில் இரண்டு சிறு குத்துகள் சேர்ந்து பதிந்திருக்கும், அருகில் மண்ணைக் கிளறிய அடையாளமும் இருக்கும். நரியின் காலடியில் நகம் தெரியும், சிறுத்தையின் காலடியில் தெரியாது. முள்ளுக்கம்பி வேலியில் பன்றியும் மானும் நுழைகிற பொட்டு (சிறு இடைவெளி) ஒன்று கட்டாயம் இருக்கும். கம்பியில் ஒட்டியிருக்கும் மயிரைப் பார்த்தாலே யார் நுழைந்தது என்று பாதி தெரிந்துவிடும். வேலிப் பொட்டு போல நல்ல இடம் வேறில்லை. எல்லா விலங்கும் அந்த ஒரு முழ அகலத்துக்குள்தான் வந்தாக வேண்டும்.

அடுத்த நல்ல இடம் தண்ணீர். நம் பக்கம் மழை மாரியில்தான் கொட்டும், ஐப்பசி முதல் தை வரை. அதன் பிறகு சிறு குளங்களும் மோட்டைகளும் ஒவ்வொன்றாக வற்றும். ஆனி, ஆடியில் எங்கே கடைசித் தண்ணீர் நிற்கிறதோ அங்கே சுற்றுவட்டார விலங்குகள் எல்லாம் வந்து சேரும். கமரா கட்டத் தொடங்க அதுதான் சிறந்த காலம். ஆனால் கமராவைத் தண்ணீரைப் பார்த்தபடி வைக்காதீர்கள். வெயிலில் மின்னும் அலையும் சூடேறிய சேறும் உணரியை இடைவிடாமல் ஏமாற்றும். குளத்துக்கு இறங்கி வரும் ஒற்றையடிப் பாதையைப் பார்த்தபடி, சற்று மேலே வையுங்கள். அப்புறம் பழம் விழும் மரங்கள். வீரை, பாலை, நாவல் பழுக்கும்போது கீழே மான், பன்றி, மரநாய், காட்டுக்கோழி எல்லாம் வரும். மந்திகள் மேலிருந்து இலையும் பழமும் உதிர்க்கும் மரத்தடியில் புள்ளிமான் கூட்டம் காத்து நிற்பதை எங்கள் காடுகளில் எங்கும் காணலாம். ஒன்று ஆபத்தைக் கண்டு குரல் கொடுத்தால் மற்றதும் தப்பும். ஒரு முக்கியமான எச்சரிக்கை: பாலைப்பழக் காலத்தில் கரடியும் அதே மரத்துக்கு வரும். அந்த மரத்தடிக்குப் பேசாமல் கொள்ளாமல் போகக் கூடாது. நன்றாகச் சத்தம் காட்டிக்கொண்டே போங்கள்.

மரத்தில் கட்டும் உயரம் நீங்கள் பார்க்க விரும்பும் விலங்கின் நெஞ்சு உயரம். புள்ளிமானுக்கு உங்கள் முழங்காலில் இருந்து இடுப்புக்குள், அதாவது 60 முதல் 80 சென்றிமீற்றர். சருகுமானும் முயலும் அழுங்கும் வேண்டுமென்றால் 30 சென்றிமீற்றருக்கு இறக்குங்கள். பாதைக்கு நேர் குறுக்காக வைத்தால் வேகமாக நடக்கும் விலங்கின் வால் மட்டும்தான் கிடைக்கும். பாதையோடு 45 பாகை சரிவாக வைத்தால் விலங்கு கமராவின் பார்வைக்குள் கூடுதல் நேரம் இருக்கும். திசை வடக்கோ தெற்கோ பார்க்கட்டும். கிழக்கு, மேற்கு பார்த்தால் மான் அதிகம் நடமாடும் விடியலிலும் மாலையிலும் சூரியன் நேராக லென்ஸுக்குள் விழுந்து படம் வெளிறிப்போகும். கமராவுக்கு முன்னால் உள்ள புல்லையும் தொங்கும் கிளையையும் சில மீற்றருக்கு வெட்டித் துப்புரவாக்குங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயில் பட்டுச் சூடான ஒரே ஓர் இலைக்கொத்து போதும், ஒரு பகலுக்குள் நூற்றுக்கணக்கான வெற்றுப் படங்களைச் சேர்த்துவிடும். மெல்லிய மரத்திலும் கட்டாதீர்கள். காற்றில் மரம் ஆடினால் கமராவும் ஆடும்.

வெற்றுப் படத்துக்கு அடுத்தபடி உங்கள் மெமரி கார்டை நிரப்பப் போவது பட்டி மாடுகள். காட்டுக்குள் மேயவிடும் வழக்கம் உள்ள இடத்தில் மாட்டுப் பாதையும் மான் பாதையும் பல இடங்களில் ஒன்றுதான். சாணம் நிறையக் கிடக்கும் பாதையைத் தவிர்த்து, அதிலிருந்து பிரியும் ஒடுங்கிய கிளைப்பாதையைத் தேடுங்கள். மாடு அதில் நுழையாது, மான் நுழையும்.

யானை வேறு கதை. அது பழக்கமில்லாத பெட்டியைக் கண்டால் தும்பிக்கையால் தடவிப் பார்க்கும், பிடித்து இழுக்கும். இரும்புக் கூடு போட்டுப் பூட்டினாலும் மரத்தோடு சேர்த்து நசுக்கிவிடக்கூடிய பலம் அதற்கு. யானைப்பாதை என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் கமராவை இரண்டரை மீற்றருக்கு மேல் கட்டிக் கீழ்நோக்கிச் சரித்து வைக்கலாம். மான் படத்தின் அழகு குறையும், கமரா மிஞ்சும். கமராவைப் பார்க்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். விடியலிலும் பொழுது சாய்ந்த பிறகும் போகவே வேண்டாம். எந்தப் படமும் அந்த ஆபத்துக்கு ஈடாகாது.

சின்ன உயிர்கள் தரும் தொல்லையும் உண்டு. எறும்பு கமராவின் ரப்பர் விளிம்புக்குள் முட்டையோடு குடியேறும். பல்லி முன்னால் ஓடும். கடற்கரையை ஒட்டி, நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் என்றால் உப்புக்காற்று பற்றரி முனைகளைப் பச்சை பிடிக்க வைக்கும். கார்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து துணியால் துடைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள். அல்கலைன் பற்றரி வெக்கையில் கசிந்து கமராவையே கெடுத்துவிடக்கூடும். லித்தியம் AA என்று விற்பவை விலை கூட, ஆனால் நீடித்து உழைக்கும். மீள்மின்னேற்றப் பற்றரிகள் ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான் தரும். சில கமராக்களில் இரவு விளக்கு அதனால் மங்கும். வாங்குமுன் கையேட்டில் பாருங்கள்.

அமைப்புகளில் அதிகம் விளையாட வேண்டியதில்லை. ஒரு தூண்டலுக்கு மூன்று படங்கள், இடைவெளி இயன்றவரை குறைவாக. காணொளி ஆசையைத் தூண்டும். ஆனால் இரவுக் காணொளி பற்றரியைக் குடித்துத் தீர்க்கும். இடம் நன்றாக அமைந்த பிறகு பத்து விநாடிக் காணொளிக்கு மாறலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது திகதியும் நேரமும். முற்பகல், பிற்பகல் மாறிப்போனால் நீங்கள் சேர்க்கும் விவரம் முழுவதும் பயனற்றது. கட்டிய உடனே கமரா முன்னால் நீங்களே குனிந்து நடந்து, எடுத்த படத்தில் நேரம் சரியா, உங்கள் தொடை உயரம் சட்டத்துக்குள் வருகிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். பிறகு இரண்டு கிழமைக்காவது அந்தப் பக்கம் போகாதீர்கள். மனித வாடை அடிக்கடி பட்டால் மரையும் சருகுமானும் விலகும்.

படங்கள் வந்தபின் என்ன பார்ப்பது? இரவுப் படம் கறுப்பு வெள்ளையில்தான் வரும். புள்ளிமானின் வெள்ளைப் புள்ளிகள் அதிலும் தெளிவாகத் தெரியும். மரை உடல் முழுக்க ஒரே நிறம், கழுத்தில் அடர்ந்த மயிர், பெரும்பாலும் நன்றாக இருட்டிய பிறகே வரும். குரைக்கும் மான் தனியாக, தலையைத் தாழ்த்தி நடக்கும். சருகுமான் முயல் அளவுதான் இருக்கும், கொம்பு கிடையாது, ஆணுக்கு மேல்வாயில் நீண்ட கோரைப்பல் உண்டு. அது உண்மையான மான் குடும்பத்தைச் சேர்ந்ததும் அல்ல. நம் உலர்வலயத்தில் வாழும் சருகுமான் இலங்கைக்கே உரிய தனி இனம் என்று 2005 இல் பிரித்து அறிவித்தார்கள். உங்கள் கமராவில் அது ஒருமுறை வந்தாலும் பத்திரப்படுத்தி வையுங்கள். புள்ளிமான் ஆண்களின் கொம்பையும் கவனியுங்கள். ஒன்றுக்குக் கொம்பு முற்றியிருக்கும், இன்னொன்றுக்கு மெத்தென்ற தோல் மூடிய இளங்கொம்பு, வேறொன்று உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும், எல்லாம் ஒரே மாதத்தில். அவை ஆண்டு முழுவதும் இனம்பெருக்குவதால் அப்படி. நோய் என்று பயப்பட வேண்டாம்.

"அப்படியானால் எங்கள் பக்கம் எத்தனை மான் இருக்கிறது?" என்பதுதான் எல்லோருக்கும் அடுத்ததாக வரும் கேள்வி. ஒரு கமராவால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே மான் பத்துமுறை வந்தாலும் பத்துப் படம்தான். சிறுத்தைக்கு வழி இருக்கிறது. ஒவ்வொன்றின் உடற்புள்ளிகளும் வேறு என்பதால் ஆளை அடையாளம் கண்டு கணக்கெடுக்கலாம். இந்தியாவில் வனவிலங்கு ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் 1990களில் நாகரஹோளேக் காட்டில் புலியின் வரிகளை வைத்துச் செய்ததும், இங்கே ஆய்வாளர்கள் அஞ்சலி வொட்சனும் அன்றூ கிட்டிலும் சிறுத்தைகளுக்குச் செய்ததும் அந்த வழிதான். இடப்பக்கமும் வலப்பக்கமும் வெவ்வேறு கோலம் என்பதால் பாதையின் இரு பக்கமும் கமரா வைப்பார்கள். புள்ளிமானுக்கும் ஒவ்வொன்றுக்கும் புள்ளிக் கோலம் வேறுதான், ஆனால் கூட்டமாக ஒன்றையொன்று மறைத்து நிற்கும்போது பிரித்தறிவது பெரும்பாடு.

நீங்கள் செய்யக்கூடியது இது. அரை மணிக்குள் வரும் ஒரே இனத்தின் படங்களை ஒரு வருகையாக எண்ணுங்கள். நாற்பது இரவில் பன்னிரண்டு வருகை என்றால், நூறு கமரா இரவுக்கு (ஒரு கமரா ஓர் இரவு நின்றால் ஒரு கமரா இரவு) முப்பது. அதே மரம், அதே உயரம், அதே மாதங்கள் என்று வைத்து அடுத்த ஆண்டும் எண்ணுங்கள். கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று அப்போது சொல்லலாம். ஆண்டுதோறும் எழுதி வைத்தால் உங்கள் காணி ஓரத்தின் வரலாறே அந்தக் கொப்பியில் இருக்கும்.

நேரத்தையும் எழுதுங்கள். எனக்கு அதுதான் எண்ணிக்கையைவிடப் பெரிய செய்தி. புள்ளிமான் இயல்பில் பகலிலும் மேயும் விலங்கு. உங்கள் கமராவில் அது நள்ளிரவில் மட்டும் வந்தால், பகலில் ஏதோ அதை விரட்டுகிறது என்று அர்த்தம்: நாய், துவக்கு, விறகுக்கு வருவோர், ஏதோ ஒன்று. 2018 இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, உலகெங்கும் 62 பாலூட்டி இனங்கள் பற்றிய 76 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பகலும் இரவும் சரிபாதியாக நடமாடும் ஒரு விலங்கு, மனிதத் தொந்தரவு உள்ள இடத்தில் தன் நடமாட்டத்தில் இரவின் பங்கை 68 சதவீதமாகக் கூட்டிக்கொள்கிறது என்பது அதன் கணக்கு. திருகோணமலை நகரத்திலேயே இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். பிரட்ரிக் கோட்டைக்குள்ளும் கோணேசர் கோயில் போகும் வழியிலும் அதே புள்ளிமான் பட்டப்பகலில் ஆட்களுக்கு நடுவே படுத்து அசைபோடுகிறது. யாரும் அதை வேட்டையாடுவதில்லை என்று அது கற்றுவைத்திருக்கிறது. கன்னியாக் காட்டு மான் உங்கள் நிழலைக் கண்டே ஓடுகிறதென்றால், அதுவும் கற்றதுதான்.

சட்டப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் சொந்தக் காணிக்குள், உங்கள் மரத்தில் கட்டுங்கள். வேலிக்கு அப்பால் உள்ளது அரச காடு. அங்கே கட்ட வன இலாகாவின் அனுமதி வேண்டும். தேசியப் பூங்கா, சரணாலயம் என்றால் வனசீவராசிகள் திணைக்களம். எதுவானாலும் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். நம் மாவட்டத்தில் கடற்படை, இராணுவ எல்லைகளும் காட்டோடு கலந்து கிடப்பதால், அனுமதியில்லாத ஒரு கமரா வேறு விதமான சந்தேகத்தைக் கிளப்பும். மிதிவெடி எச்சரிக்கைப் பலகையோ நாடாவோ கண்ட பக்கம் மான் தடம் எவ்வளவு போனாலும் கால் வைக்காதீர்கள்.

ஆட்களின் படமும் விழும். விறகு பொறுக்கும் பெண்கள், தேன் எடுப்பவர்கள், குளத்தில் குளிப்பவர்கள். அவர்கள் முகம் உங்கள் கார்டில் இருக்க எந்த நியாயமும் இல்லை. கண்டவுடன் அழித்துவிடுங்கள், யாருக்கும் காட்டாதீர்கள். குளிக்கும் துறையைப் பார்த்தபடி கமரா வைப்பது எக்காரணம் கொண்டும் கூடாது. அயல் காணிக்காரரிடம் கமரா இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் மரியாதை. அது களவையும் குறைக்கும். சுருக்குக் கம்பியோ கட்டுத்துவக்கோ வைக்கும் ஆள் படத்தில் அகப்பட்டால் நீங்களாகப் போய்க் கேட்க வேண்டாம். கார்டின் பிரதியோடு வனசீவராசிகள் அலுவலகத்துக்குப் போங்கள். 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் மான், மரை, சருகுமான் எல்லாவற்றையும் காக்கிறது. அதேபோல் நல்ல கொம்பன் ஒன்றின் படம் கிடைத்த மகிழ்ச்சியில் இடத்தின் பெயரோடு முகநூலில் போடாதீர்கள். இறைச்சிக்கு அலைபவர்களும் அதைப் பார்ப்பார்கள். மாவட்டத்தின் பெயர் மட்டும் போதும். உப்பு, பழம், தவிடு வைத்து விலங்கை அழைக்கவும் வேண்டாம். இன்று மான் வரும், நாளை அதே இடத்துக்குப் பன்றியும் யானையும் வந்து உங்கள் பயிரில் நிற்கும்.

ஐப்பசி பிறந்து முதல் பெருமழை விழுமுன் கமராவைக் கழற்றி எடுங்கள். நீர் புகாது என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் மாரி முழுக்க மரத்தில் நனைய விடுவது வீண். பற்றரிகளை வெளியே எடுத்து, கதவைத் திறந்தபடி இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். கட்டியிருந்த மரத்தில் உயரத்துக்குச் சிறு அடையாளம் ஒன்று வையுங்கள். மாசியில் மறுபடி அதே இடத்தில் கட்டினால்தான் இரண்டு ஆண்டுக் கணக்கையும் ஒப்பிட முடியும்.